சார் நம்பர் எதற்கு?

“சார் நம்பர் குடுங்க மேடம். நான் அவருகிட்ட பேசிக்கிறேன்.”

விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் எனக்குச் சொல்லப்பட்டது இது. வண்டி என்னுடையது. ஆர்.சி. புத்தகம் என் பெயரில் இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு வந்தவளும் நான்தான். பின்சக்கரத்திலிருந்து ஓர் உறுமல் வருகிறது, நாற்பதைத் தாண்டினால் கூடுகிறது, ஓடும்போது கிளட்சைப் பிடித்தாலும் நிற்பதில்லை, அதனால் எஞ்சினில் இருந்து வரும் சத்தம் அல்ல என்று விவரம் சொன்னவளும் நான்தான். பழுது என்னவென்று சொல்ல மட்டும் அவருக்கு ஒரு ‘சார்’ தேவைப்பட்டார்.

வண்டி, 1995-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. அண்ணனுடையது. அவன் சிங்கப்பூருக்குப் போன பிறகு திண்ணையோரம் கோணி போர்த்தி நின்றது. “வித்துடு” என்றான். நான் விற்கவில்லை, பெயர் மாற்றிக்கொண்டேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலான ஏறக்குறைய 40 கிலோமீட்டரை பஸ்ஸில் இத்தனை ஆண்டுகள் நின்றுகொண்டே கடந்தவள் நான். பஸ் கிடைக்காத நாட்களில் இந்த வண்டிதான் என்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்கள். “ஆம்பள வண்டிய ஓட்டுது பாரு” என்பது காதில் விழும். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அந்த மெக்கானிக் கடையில் நடந்ததுதான்.

அவர் சாவியை வாங்கி ஒரு சுற்று போய்வந்தார். “ஹப்பு போயிடுச்சு. வீலையே மாத்தணும். அஞ்சாயிரம் ஆவும்” என்றார். சக்கரத்தைக் கழற்றவில்லை, கையால் அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. “பேரிங் மட்டும் போயிருக்கலாம் இல்லையா?” என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்.” அதற்குப் பிறகுதான் சார் நம்பர்.

இந்தக் கட்டுரை அந்தப் ‘புரியாது’ பற்றியது. அந்த மனிதரைப் பற்றியது அல்ல. அவர் கெட்டவர் என்றால் பிரச்சினை சுலபம், வேறு கடைக்குப் போய்விடலாம். அவருக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தது ஊர். பள்ளிக்கூடமும் வீடும் சினிமாவும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தன. நாமும் நம் பங்குக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். “எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா” என்று சிரித்தபடி எத்தனை முறை சாவியை நீட்டியிருக்கிறோம்? தெரியாமல் இருப்பதை ஒரு நளினமாகக் கூட நமக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

சரி, புரியாத அந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம்.

பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள். நடுவே எஃகுக் குண்டுகள். உள்வளையம் அச்சோடு அசையாமல் நிற்கும், வெளிவளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். உரசவேண்டிய இடத்தில் குண்டுகள் உருள்கின்றன, அவ்வளவுதான். என் வண்டியின் பின்சக்கரக் குடத்தில் இரண்டு பேரிங்குகள். செயின் மாட்டும் பல்சக்கரத்தை, அதாவது ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் டிரம்மில் தனியாக ஒன்று. எஞ்சின் இழுக்கும் இழுப்பையெல்லாம் அந்த மூன்றாவதுதான் வாங்கிக்கொள்கிறது. அது தேய்ந்தால் ஸ்பிராக்கெட் தள்ளாடும். ஸ்பிராக்கெட் தள்ளாடினால் செயின் கோணலாக ஓடும், பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கம் வளையும். சிறிய பேரிங்கைக் கவனிக்காமல் விட்டால் பெரிய செலவு வருவது இப்படித்தான். செலவோடு போனால் தேவலை. நெடுஞ்சாலையில் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவே சக்கரம் ஆடத் தொடங்கினால் போவது பணம் அல்ல.

பேரிங்கின் பக்கவாட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். 6203 என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையின் அளவைச் சொல்கின்றன. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-இலிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 04 என்றால் 20, 05 என்றால் 25. நன்னூல் சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்லும் என் மாணவிகளுக்கு இது ஒரு நிமிட வேலை. இந்த எண்ணைச் சொன்னால் எந்த ஊர் பேரிங் கடையிலும் அதே அளவு கிடைக்கும். உலகம் முழுக்க ஒரே அளவு. இதில் ஆண்பால், பெண்பால் எங்கே வந்தது?

பேரிங் போய்விட்டதா என்று பார்க்கவும் பெரிய வித்தை வேண்டாம். அன்று மாலை வீட்டு வாசலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். டயரை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தேன். ‘கடக்’ என்றது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையை அச்சுக்குப் பக்கத்தில் இரும்பின் மேல் வைத்தேன். அரிசியில் கல் கிடந்தால் கிரைண்டரில் ஓர் அதிர்வு வருமே, அதுதான் உள்ளங்கையில் தெரிந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் செவி உண்டு. மிக்ஸியின் சத்தம் மாறியதும் புஷ் போய்விட்டது என்று அடுத்த அறையில் இருந்தபடி சொல்வார்கள். தையல் மெஷினுக்கு எங்கே எண்ணெய் விட வேண்டும் என்று தெரியும். இந்த அறிவுக்கு யாரும் ‘மெக்கானிக்’ என்று பெயர் வைக்கவில்லை. அதனாலேயே அது அறிவாகக் கணக்கில் வரவில்லை.

பைக்கில் பெண்ணின் இடம் எது என்று நம் சமூகம் தீர்மானித்து வைத்திருக்கிறது: பின்னிருக்கை, ஒருக்களித்து. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இருசக்கர வாகனத்துக்கு மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் படி, உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு. விதி ‘பின்னால் உட்காருபவர்’ என்று பொதுவாகத்தான் சொல்கிறது. கடைத்தெரு அதற்கு ‘சாரி கார்டு’ என்று பெயர் வைத்துவிட்டது. பெண்ணை நினைத்து இந்த வண்டிகளில் பொருத்தப்பட்ட ஒரே உறுப்பு, அவளைச் சக்கரத்திடமிருந்து மறைக்கும் கம்பி. அது உயிர் காக்கும் கம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பின்னால் உட்கார்ந்து மடியில் குழந்தையும் கையில் பையுமாகப் போகிறவளின் பாரம் பின்சக்கர பேரிங்கின் மேல்தான் இறங்குகிறது. அதன் உறுமலுக்கு மிக அருகில் இருப்பதும் அவள் காதுதான். “என்னமோ சத்தம் வருதுங்க” என்று முதலில் சொல்பவளும் அவள்தான். “நீ சும்மா வா” என்பதுதான் பெரும்பாலும் பதில்.

நமக்கு வண்டி கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள், நன்றியோடு நினைக்க வேண்டியவையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல்வேலை செய்த பெண்களும் குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்கள், கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று. எது தன் சைக்கிள் என்பதை அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள். பிறகு 2018 பிப்ரவரி 24 அன்று வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மானியம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களுக்கு என்றார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் தெருவெல்லாம் வந்தன. செயினும் ஸ்பிராக்கெட்டும் அவற்றில் கிடையாது. எல்லாம் மூடிக்குள் இருக்கும். நாம் தொடவேண்டியது சாவியும் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மட்டுமே.

ஓட்டும் உரிமை வந்தது. திறக்கும் உரிமை வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல. வண்டி நடுவழியில் நின்றுபோனால் யாரையாவது அழைத்தே தீரவேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, ‘ஏழு மணிக்கு மேல் வண்டி எடுக்காதே’ என்று சொல்ல வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத்தான் பறிக்க வேண்டும்.

பெண்ணின் கை இதற்கு ஆகாது என்ற பேச்சு பொய் என்பது தொழிற்சாலைகளுக்குத் தெரியும். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் தன் மின்ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேர் வேலை செய்வார்கள் என்று அறிவித்தது. சம்பளத்துக்கு, கண்காணிப்பாளரின் கீழ், வரிசையில் நின்று சக்கரம் பூட்டினால் பெண்ணின் விரல் நேர்த்தியானது. அதே விரல் தெருமுனைக் கடையில் தன் சொந்தச் சக்கரத்தைக் கழற்ற வந்தால் ‘புரியாது.’ வலு போதாது என்பதும் இந்த மாவட்டத்தில் எடுபடாது. கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி லாரிக்கு ஏற்றும் பெண்களின் ஊர் இது. ஆக்சில் நட்டு இறுகியிருந்தால் ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளமான குழாயைச் செருகிக்கொண்டால் போதும். நெம்புகோல் ஆண்களுக்கு மட்டும் வேலை செய்வதில்லை.

அடுத்த சனிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். “பாய், வேலைய நானே செய்யணும். நீங்க சொல்லிக் குடுங்க” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சேலையில கிரீஸ் பட்டா போவாது மா” என்றார். அவர் சொன்ன ஒரே ஆட்சேபம் அதுதான். ஒரு பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

செயினைத் தளர்த்தி, பிரேக் ராடைக் கழற்றி, ஆக்சில் நட்டை அவிழ்த்து, ஆக்சிலை உருவினோம். உருவியதும் ஒரு புஷ் தரையில் விழுந்து உருண்டது. “எந்தப் பக்கத்துலேர்ந்து வுழுந்துச்சுன்னு பாத்துக்கோ. கழட்டுறது பெருசில்ல. கழட்டுன வரிசை ஞாபகம் இருக்கணும், அதான் தொழிலு.” செய்தித்தாளை விரித்துக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். ஆயில் சீலை நெம்பி எடுத்தால் உள்ளே பேரிங். கிரீஸ் கறுத்து, துருவோடு சேர்ந்து பொடியாகியிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாய் உண்டு. அதைக் கம்பியால் ஒரு பக்கம் ஒதுக்கினால் எதிர்ப்பக்க பேரிங்கின் உள்வளைய விளிம்பு தெரியும். அந்த விளிம்பில் கம்பியை வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் பேரிங் கோணலாகிக் குடத்தின் சுவரைக் கீறிவிடும். முதலில் நான் மூன்று முறை தவறாக அடித்தேன். பாய் கையைப் பிடித்து வாங்கிக்கொள்ளவில்லை. காத்திருந்தார். கற்றுக்கொடுப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி அது என்று இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அன்று உறைத்தது.

புதியதை மாட்டும்போது விதி தலைகீழ். “வெளி வட்டத்துல மட்டும் அடி. உள் வட்டத்துல அடிச்சா குண்டு குத்தி ஓடுற தடத்துல பள்ளம் வுழுந்துடும். புதுசு சீக்கிரமே கத்த ஆரம்பிச்சுடும்.” கழற்றிய பழைய பேரிங்கையே புதியதன் மேல் வைத்துச் சீராகத் தட்டச் சொன்னார். அது முழுவதும் உள்ளே இறங்கியதும் சுத்தியல் சத்தம் மாறுகிறது, கணீர் என்றிருந்தது திம்மென்று கனக்கிறது. அத்துடன் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் முடித்ததும் நடுக்குழாயைப் போட மறக்கக் கூடாது. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நசுங்கி, புதிய பேரிங் சில நாளில் கெட்டுவிடும். மூன்றாவது, ஸ்பிராக்கெட் டிரம் பேரிங், இறுக்கமாக இருந்தது. பக்கத்து டீக்கடையில் கொதிக்கும் தண்ணீர் வாங்கி டிரம்மின் மேல் ஊற்றினோம். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், பேரிங் இடம் கண்டு உட்கார்ந்தது. இறுகிய எவர்சில்வர் மூடியின் மேல் வெந்நீர் ஊற்றித் திறக்கும் நம் சமையலறைக்கு இந்த இயற்பியல் புதிதல்ல.

பாய் தனியாகச் செய்தால் ஒரு மணி நேரம். எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. மூன்று பேரிங், ஆயில் சீல், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். ஐயாயிரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘புரியாமை வரி.’ பெண்கள் அதை ஒவ்வொரு கடையிலும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அன்று மாலை விழுப்புரம் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டு தாண்டியும் வண்டி வாயைத் திறக்கவில்லை.

என் தோழிகள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். “எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமா? ஏற்கெனவே இரட்டை வேலை. மூன்றாவதாக இதுவுமா?” நியாயமான கேள்வி. ஒவ்வொரு முறையும் நீங்களே ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் போதும், அடுத்த முறை வேலையை மெக்கானிக்கிடமே கொடுக்கலாம். அப்போது நீங்கள் கொடுப்பது வேலையை மட்டும்தான். தீர்ப்பையும் சேர்த்துக் கொடுக்கமாட்டீர்கள். பேரிங் பற்றித் தெரியாத ஆண்களும் ஏராளம். ஆனால் அவர்களிடம் யாரும் “மேடம் நம்பர் குடுங்க” என்று கேட்பதில்லை.

இன்னொரு தயக்கம் வெளியே சொல்லப்படாதது. கறுப்பு கிரீஸ், அழுக்கு நகம், தரையில் குந்தி உட்காருதல். படித்த பெண்ணின் விடுதலை என்றால் கை வெளுப்பாக இருக்க வேண்டும் என்று நமக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. அது சாதி கொடுத்த எண்ணம். கையால் செய்யும் வேலையை இழிவென்று ஒதுக்கியவர்களே, யார் எந்த வண்டியில் ஏறலாம் என்பதையும் தீர்மானிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவர், புல்லட் ஓட்டினார் என்பதற்காகக் கைகளில் வெட்டப்பட்டார் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வண்டி வெறும் வண்டி அல்ல என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிரீஸைக் கண்டு முகம் சுளிக்கும் பெண்ணியம் அந்த மாணவருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

கல்லூரியில் மாணவிகளுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கலாம் என்று கேட்டேன். “தமிழ்த்துறைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்கள். சொல்கிறேன். புறநானூற்றின் 102-ஆவது பாட்டு ஔவையார் பாடியது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஓர் உவமை தேடுகிறார். உப்பு வணிகர்கள் மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த மாற்று அச்சு போன்றவன் நீ என்கிறார். வண்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்திராதவருக்கு இந்த உவமை வராது. சங்ககாலப் பெண்கவிக்குத் தெரிந்த வண்டியின் அடிப்பக்கம், முனைவர் பட்டம் பெற்ற எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகளிர் தின மேடைகளில் நம்மைக் குடும்பத்தின் அச்சாணி என்கிறார்கள். கைதட்டுகிறோம். பெண்ணை பேரிங்குக்கும் உவமை சொல்லலாம்: கண்ணில் படாது, பாரம் தாங்கும், கத்தும்வரை யாரும் கவனிப்பதில்லை. சொல்லப்போவதில்லை. உவமையாக இருந்தது போதும். உறுப்பாக இருக்க அழைப்பவர்களிடம், அதைக் கழற்றிப் பூட்டுகிறவளாக இருக்கப்போகிறேன் என்று சொல்வோம்.

உலக வரலாற்றிலும் இந்த இடம் நமக்கு அந்நியமல்ல. 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ருவான் நகருக்கு 123 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் நடந்தது. வென்ற ஜேம்ஸ் மூரின் வண்டியில் குண்டு பேரிங்குகள் இருந்தன. அதே பந்தயத்தில் ‘மிஸ் அமெரிக்கா’ என்ற புனைபெயரில் ஒரு பெண் ஓட்டி 29-ஆவதாக வந்தார். பேரிங் புகழ்பெற்ற அந்த நாளிலேயே பெண் அங்கே இருந்தாள், சொந்தப் பெயர் சொல்லாமல். 1934-இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் நூறு மைல் வேகத்தைத் தாண்டிய பியாட்ரிஸ் ஷில்லிங் தன் நார்ட்டன் பைக்கைத் தானே பிரித்து மேம்படுத்தியவர். பின்னாளில் போர்விமான எஞ்சினின் பழுதையும் தீர்த்த பொறியாளர். அவர் கையிலும் கிரீஸ் இருந்தது.

கல்லூரி இடம் தரவில்லை. என் வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மாணவிகள் வந்தார்கள். பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு ஸ்பேனர்கள், ஒரு சுத்தியல், ஒரு கம்பி, பழைய செய்தித்தாள், அவ்வளவுதான் கருவிகள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் யோசனை சொல்ல வந்தார்கள். “வேண்டாம் அண்ணா, நாங்களே பாத்துக்கறோம்” என்றாள் ஒருத்தி. இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் கல்லூரியில் கேளுங்கள். கோலப்போட்டி நடத்தும் மார்ச் 8-இல் ஒரு மணி நேரத்தை ஒரு பழைய பைக்குக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் யாருடைய வீட்டு வாசலாவது இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து இரவு பத்து மணிக்கு ஒரு மாணவி போன் செய்தாள். அவள் அப்பாவின் வண்டியைக் கழற்றியிருக்கிறாள். எல்லாம் பூட்டியாகிவிட்டது, ஒரு புஷ் மட்டும் மிச்சம். “எந்தப் பக்கம்னு மறந்துட்டேன் மேடம்” என்றாள். பின்னால் அவள் அம்மா திட்டுவது கேட்டது. போனை அப்பாவிடம் கொடு என்று நான் சொல்லவில்லை. சக்கரத்துக்கு எந்தப் பக்கம் இடைவெளி தெரிகிறது, எவ்வளவு என்று கேட்டேன். விரலை வைத்து அளந்து, பிரேக் பக்கம் என்று அவளே சொன்னாள்.